சின்னச் சாகா

இஞ்ஞாசிக்கு ஆசிரியர் சான்றிதழ் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள்.

கிளமெண்டியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் அவர் ஆய்வுக்கூட உதவியாளர். குடுவைகளைக் கழுவுவது, அமிலப் போத்தல்களைப் பூட்டி வைப்பது, மற்றவர்கள் பாடம் நடத்தத் தவளைகளைத் தட்டில் பரப்பி வைப்பது அவர் வேலை. ஆசிரியர்களின் முதுகுக்குப் பின்னால் பதினெட்டு வருஷம் நின்று கேட்டதுதான் அவர் படித்த அறிவியல். நான் அப்போது கேலாங் பக்கம் பார்வையற்ற பிள்ளைகளின் விடுதி ஒன்றில் தாதி. அதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் அரசாங்க ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் வார்டில் இருந்தேன். விடுதிப் பிள்ளைகள் என்னை மிஸ்ஸி என்று கூப்பிடுவார்கள். அவர்களைப் பார்த்துப் பெரியவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள்.

1974இல் ஒரு சனிக்கிழமை அவர் செய்தித்தாளில் எதையோ சுற்றிக்கொண்டு விடுதி வாசலில் வந்து நின்றார்.

"என்னது அது?"

"பூனை மண்டை ஓடு, மிஸ்ஸி. பள்ளிக்கூடத்துல தூக்கிப் போடச் சொல்லிட்டாங்க. இங்க பிள்ளைங்க தொட்டுப் பாக்கட்டுமேன்னு…"

"கழுவினீங்களா?"

"ஸ்பிரிட் போட்டு ரெண்டு தடவ."

"இன்னொரு தடவ கழுவிட்டு உள்ள வாங்க."

அன்று பதினொரு பிள்ளைகளும் அந்த மண்டை ஓட்டை ஆளுக்கு ஐந்து நிமிடம் வைத்திருந்தார்கள். கண் இருக்க வேண்டிய குழியில் விரலை விட்டு, "மிஸ்ஸி, இதுக்கும் கண்ணு இல்ல லா" என்று ஒரு பிள்ளை சொல்லிச் சிரித்தது. அதிலிருந்து சனிக்கிழமை தவறாமல் வந்தார். சம்பளம் எதுவும் கேட்கவில்லை, நாங்களும் கொடுக்கவில்லை.

அவர் பாடம் நடத்திய விதம் வேறு. ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு பொருளைக் கொண்டு வர வேண்டும். அதைப் பற்றி வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்பதையும் கேட்டுக்கொண்டு வர வேண்டும். வேப்பிலை போட்டால் அரிசியில் வண்டு வராது என்று ஒரு தமிழ்ப் பிள்ளையின் அம்மா சொன்னாள். இரண்டு டின்னில் அரிசி போட்டு, ஒன்றில் வேப்பிலை வைத்து, மூன்று வாரம் கழித்து இரண்டையும் தட்டில் கொட்டினார்கள். விரலால் தடவித் தடவி வண்டுகளை எண்ணினார்கள். இலை போட்டதில் நாலு, போடாததில் முப்பத்தொன்று. பாண்டான் இலை வைத்தால் கரப்பான் அண்டாது என்று மலாய்ப் பிள்ளை மைமூன் சொன்னாள். அதையும் அட்டைப்பெட்டி வைத்துப் பார்த்தார்கள். பாண்டான் பெட்டிக்குள் இரண்டு கரப்பான்கள் சௌக்கியமாக இருந்தன. "எங்கம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்றாள் மைமூன். எங்களோடே இருந்து அவள் தமிழும் பேசுவாள். எதிர் அடுக்குமாடி புளோக்கிலிருந்து கண் தெரிகிற பிள்ளைகளும் மூன்று பேர் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். தொட்டுப் பார்த்துச் சொல்வது எங்கள் பிள்ளைகள் வேலை, எழுதி வைப்பது அவர்கள் வேலை.

இஞ்ஞாசி அப்போதெல்லாம் வாய் ஓயாமல் கேலி பேசுகிறவர். எதையும் விளையாட்டாகத்தான் சொல்வார். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

1979 மார்ச், கிறிஸ்தவர்களின் தபசுக்காலம். அந்த வாரப் பாடம் விதை. சில விதைகளுக்கு ஓடு கெட்டி. சும்மா ஊறப்போட்டால் முளைக்காது. உப்புத்தாளில் தேய்த்து ஓட்டைக் கொஞ்சம் கரைத்தால் தண்ணீர் உள்ளே போய்ச் சீக்கிரம் முளைக்கும். ஆளுக்குப் பத்து விதை. ஐந்தைத் தேய்த்து ஒரு போத்தலில் ஈரப் பஞ்சில் வைக்க வேண்டும், ஐந்தைத் தேய்க்காமல் இன்னொரு போத்தலில். எது முந்துகிறது என்று பார்க்க வேண்டும்.

இதற்கு அவர் வழக்கமாக எடுப்பது சாகா விதை. சிங்கப்பூரில் வளர்ந்தவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை, பெரிய மரம், அடியில் சிவப்புச் சிவப்பாகக் கொட்டிக் கிடக்கும். சாகா என்பது மலாய்ப் பெயர். இஞ்ஞாசி வீட்டில் அவர் அம்மா அதைக் குன்றிமணி என்று சொல்லி வந்தார். இங்கே பல தமிழ் வீடுகளிலும் அப்படித்தான். அந்த வாரம், இஞ்ஞாசி வழக்கமாக விதை பொறுக்கும் மாதா கோயில் வளாகத்துச் சாகா மரத்தைக் கிளை வெட்டி, அடியைச் சுத்தமாகப் பெருக்கிவிட்டார்கள். ஒரு விதைகூட இல்லை. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து, டன்லப் தெருவில் நெய்னா முகம்மதுவின் நாட்டு மருந்துக் கடைக்குப் போனார்.

"பாய், குன்றிமணி இருக்கா?"

"எவ்வளவு தம்பி?"

"ஒரு பிடி போதும்."

பாய் டின்னைத் திறந்து ஒரு பிடி அள்ளிக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். வீட்டில் பிரித்தபோது இஞ்ஞாசிக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கிறது. விதை சிறியது, முட்டை வடிவம், ஒரு முனையில் கறுப்புப் பொட்டு. சாகா விதை தட்டையாக, முழுச் சிவப்பாக இருக்கும். இது சின்ன ஜாதி போலிருக்கிறது என்று முடிவு பண்ணிக்கொண்டார். மறுநாள் பிள்ளைகளிடமும் "இது சின்னச் சாகா" என்றே சொன்னார்.

அதோடு நிறுத்தவில்லை. மலாய்க்காரர்கள் சாகா விதையை வறுத்துத் தின்பார்கள் என்று சொன்னார். அது உண்மைதான். பிறகு அவருடைய கேலி. "தமிழ்ல பேரைக் கேளுங்க. சா-கா. இதத் தின்னவன் சாகவே மாட்டான் லா!"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் வராந்தாவில் துணி மடித்துக்கொண்டே சிரித்தேன்.

பரீதாவுக்கு ஒன்பது வயது. பிறவியிலேயே பார்வை இல்லை. அப்பா காதர் மைதீன் கேலாங் சிராய் சந்தை ஓரத்தில் சராபத் கடை, அதாவது டீக்கடை, வைத்திருந்தார். சனிக்கிழமை மதியம் பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். பன்னிரண்டு மணிக்கு நான் அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன்.

"மிஸ்ஸி, நான் சாகா ஒண்ணு தின்னுட்டேன். இனிமே நான் சாக மாட்டேன்."

"வறுக்காம தின்னா வயித்த வலிக்கும். தண்ணி குடி" என்று சொல்லிவிட்டுச் சடையைப் பின்னி முடித்தேன். இருபத்திரண்டு வருஷம் பிள்ளைகள் வார்டில் இருந்தவள், அவள் விதைத் தட்டைப் போய் ஒரு தடவை பார்க்கவில்லை. இஞ்ஞாசியின் தவற்றைச் சொல்கிற இடத்தில் இதையும் சொல்லத்தான் வேண்டும். பன்னிரண்டரைக்கு காதர் மைதீன் வந்து மகளை அழைத்துப் போனார்.

இரண்டேகால் மணிக்கு டாக்சியிலிருந்து இஞ்ஞாசி இறங்கி ஓடி வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"மிஸ்ஸி, அந்த விதையெல்லாம் எங்க? எல்லாத்தையும் எடுங்க. ஒண்ணு விடாம எடுங்க."

அடுத்த வாரத்துக்கு வெட்டிவேர் வாங்க மறுபடி பாய் கடைக்குப் போயிருக்கிறார். பாய் சும்மா பேச்சுக்குக் கேட்டாராம், "நேத்து வாங்கின குன்றிமணி எந்தப் பத்தருக்கு? நகை நிறுக்கத்தானே?"

"இல்ல பாய், பிள்ளைங்களுக்கு. விதைப் பாடம்."

பாய் எழுந்து நின்றுவிட்டாராம். "தம்பி, நீங்க நெனச்சது ஆனைக்குன்றிமணி. அது மரத்துல காய்க்கிறது. நான் குடுத்தது கொடியில காய்க்கிறது. இது நஞ்சு. ஓடு ஒடையாத வரைக்கும் ஒண்ணும் செய்யாது. ஒடைஞ்சா ஒண்ணே ஒண்ணு போதும், பிள்ளை தாங்காது. வாய்ல கீய்ல வெச்சிருக்கப் போறாங்க, ஓடுங்க!"

மலாயில் இரண்டுக்கும் சாகா என்றே பெயர். எங்கள் வீட்டுத் தமிழில் இரண்டுக்கும் குன்றிமணி. தெரிந்தவர்கள் முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்துச் சொல்வார்கள். அந்த ஒரு சொல் கடல் தாண்டி வரும்போது உதிர்ந்துவிட்டது.

நான் சொன்னேன், "பரீதா ஒண்ணு முழுங்கிட்டா."

அவர் அப்படியே மேசை முன்னால் உட்கார்ந்தார். நான் அவர் தோளைத் தட்டி, "அப்புறம் உட்காரலாம். முதல்ல எண்ணுங்க" என்றேன். போத்தலில் போடுவதற்குள் மணி அடித்துவிட்டதால் விதைகள் தட்டிலேயே இருந்தன. பத்துத் தட்டில் பத்துப் பத்து. பரீதாவின் தட்டில் ஒன்பது. அதில் மூன்று தேய்த்தவை. ஓடு கரைந்து உள்ளே வெள்ளை தெரிந்தது. ஆறு தேய்க்காதவை.

"அஞ்சுதான தேய்க்கச் சொன்னீங்க?"

"அவ மெதுவாத்தான் தேய்ப்பா. நாலாவது கையில இருந்துச்சு, தேய்க்கத் தொடங்கினாளான்னு தெரியல. அப்ப மணி அடிச்சிட்டேன்."

காணாமல் போனது அந்த நாலாவதா, இல்லை தேய்க்காத ஒன்றா? இதைத் தவிர அடுத்த மூன்று நாளும் எங்கள் தலையில் வேறொன்றும் இல்லை.

அதே டாக்சியில் சராபத் கடைக்குப் போனோம். காதர் மைதீன் தே தாரேக் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"மிஸ்ஸியே வந்துட்டீங்களா! சாரும் வந்திருக்காரு. உட்காருங்க, கடையில இன்னிக்கு பெரிய எடத்து ஆளுங்க."

"பரீதா எங்க பாய்?"

"வீட்டுலதான். ஆட்டுக்கால் சூப்பு ஆக்கியிருக்கு, மகாராணி வந்திருக்காளே."

"வாந்தி எடுத்தாளா? வயித்தால போச்சா?"

குவளை கையிலேயே நின்றது. "ஏன்?"

நான் சொன்னேன். சுற்றி வளைக்காமல் மூன்று வாக்கியத்தில் சொன்னேன். ஆஸ்பத்திரியில் கற்றுக்கொண்டது அது. அவர் அடுப்பைக்கூட அணைக்கவில்லை. அப்படியே வீட்டுக்கு ஓடிப் பரீதாவைத் தூக்கி வந்தார்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் இளம் வயதுச் சீனர். இப்படி ஒன்றை அவர் பார்த்ததில்லை. ஒரு தடித்த புத்தகத்தைக் கொண்டு வரச் சொல்லி நின்றுகொண்டே வாசித்தார். எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது அதனால்தான். தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டவில்லை. இதற்கு மாற்று மருந்து இல்லை. முழுசாக இருந்தால் முழுசாக வெளியே வந்துவிடும். கடித்திருந்தால், ஓடு உடைந்திருந்தால், சில மணி நேரத்திலும் தொடங்கலாம், மூன்று நாள் கழித்தும் தொடங்கலாம். வாந்தி, ரத்தபேதி, பிறகு ஈரல், சிறுநீரகம்.

"கடித்தாளா?" என்று கேட்டார்.

"இல்ல, முழுங்கினேன்" என்றாள் பரீதா. "மாத்திரை மாதிரி."

டாக்டர் தலையாட்டி எழுதப் போனார். அவர் கேட்டது கடித்ததைப் பற்றி மட்டும்தான். உப்புத்தாள் என்று ஒன்று இருந்ததே அந்த அறையில் இருந்த பெரியவர்களில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். நான் இஞ்ஞாசியைப் பார்த்தேன். அவர் சொல்லாவிட்டால் நான் சொல்லியிருப்பேன். ஆனால் அவர் சொல்ல வேண்டும் என்றுதான் காத்திருந்தேன்.

"டாக்டர், ஓட்டத் தேச்சிருக்கோம்" என்றார் அரைகுறை ஆங்கிலத்தில். "அவ முழுங்கினது தேச்சதா தேய்க்காததான்னு தெரியல."

காதர் மைதீனுக்கு ஆங்கிலம் அந்த அளவுக்குப் புரியும். "என்னத்தத் தேச்சீங்க?"

இஞ்ஞாசி விளக்கினார். தண்ணீர் உள்ளே போக, முளை சீக்கிரம் வர, என்று பள்ளிக்கூடத்தில் சொல்வது போலவே சொன்னார். வேறு மாதிரி சொல்ல அவருக்கு வரவில்லை.

"கண்ணு தெரியாத பிள்ளை கையில நஞ்சையும் குடுத்து, அது உள்ள எறங்க ஓட்டையும் போட்டுக் குடுத்தீங்களா?" காதர் மைதீன் குரலை உயர்த்தவே இல்லை. "வெளிய போங்க. என் மக பக்கத்துல வராதீங்க."

இஞ்ஞாசி வெளியே போனார். வீட்டுக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தார்.

வயிற்றைக் கழுவினார்கள், விதை வரவில்லை. நான் முன்பு வேலை பார்த்த வார்டு, தெரிந்த ஸிஸ்டர்கள், அதனால் என்னைக் கூட இருக்க விட்டார்கள். என் வேலை ஒன்றுதான். பிள்ளை கழிப்பதையெல்லாம் சட்டியில் பிடித்து, தண்ணீர் விட்டுக் கரைத்து, துணியில் வடிகட்டிப் பார்ப்பது. இதை எழுதலாமா என்று ஒருத்தர் கேட்டார். எழுதாமல் எப்படி? விதை அந்த வழியாகத்தான் வர வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் பரீதாவைக் கேட்டேன். "நீ முழுங்கினது வழவழன்னு இருந்துச்சா, சொரசொரன்னா?"

"வழவழன்னு."

பாதி மூச்சு வந்தது. அரை மணி கழித்து அவள் அம்மா ருக்கையா அதையே கேட்டாள், அழுகைக் குரலில். "சொரசொரன்னு இருந்துச்சாடி?"

"ஆமாம்மா. கொஞ்சம் சொரசொரன்னு."

அப்பா கேட்டபோது, "மறந்துடுச்சு வாப்பா" என்றாள். எந்தப் பதிலுக்கு எந்தக் குரல் இறங்குகிறது என்று அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. முகம் பார்க்க முடியாத பிள்ளை குரலைத்தானே பார்க்கும். "இனிமே யாரும் அவகிட்ட இதைக் கேக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டேன். ருக்கையா என்னை முறைத்தாள். முறைக்கட்டும்.

பத்து மணிக்கு வாந்தி எடுத்தாள்.

ருக்கையா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓதத் தொடங்கினாள். நான் வாந்தியைப் பார்த்தேன், ரத்தம் இல்லை. நாடியைப் பிடித்தேன், வேகமாக இருந்தது. பயத்திலும் வேகமாக இருக்கும், நஞ்சிலும் இருக்கும். டாக்டர் வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போனார். முடிவு வர ஐந்து மணி நேரம் ஆனது. அந்த ஐந்து மணி நேரத்தில் சட்டியை நான் ஆறு தடவை கழுவினேன். அது சுத்தமாகத்தான் இருந்தது.

இடையில் ஒரு தடவை கீழே போனேன். பஸ் நிறுத்தத்தில் இஞ்ஞாசியும் அவர் மனைவி ரூபியும் இருந்தார்கள். ரூபி கொண்டு வந்த டிபன் கேரியர் திறக்காமல் பக்கத்தில் இருந்தது.

"வாந்தி எடுத்தாளா மிஸ்ஸி?" என்றார் இஞ்ஞாசி.

"எடுத்தா. ஒரு தடவ."

"என்ன கலர்?"

"கஞ்சி கலர். ஆஸ்பத்திரிக் கஞ்சி."

அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் கேட்டது குன்றிமணி, அவர் குடுத்தது குன்றிமணி. யாரு பேர்லயும் தப்பில்ல மாதிரி இருக்கு. ஆனா வேற மாதிரி இருக்கேன்னு எனக்குத் தோணுச்சு மிஸ்ஸி. தோணுச்சு. பாய்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டிருக்கலாம்" என்றேன். ஆறுதல் சொல்ல நேரமில்லை, சொல்ல ஆறுதலும் இல்லை. "சாப்பிடுங்க. மயக்கம் போட்டு விழுந்தா உங்களையும் நான்தான் பாக்கணும்."

மூன்று மணிக்கு ரத்தப் பரிசோதனை வந்தது. இதுவரை சரி என்றார் டாக்டர். 'இதுவரை' என்பதை அழுத்திச் சொன்னார்.

திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு விதை வந்தது.

துணியில் சிவப்பாக உட்கார்ந்திருந்தது. கழுவி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். கறுப்புப் பொட்டு இருந்தது. ஓட்டில் விரிசல் இல்லை. ஆனால் ஒரு பக்கத்தில் பளபளப்புப் போய், மங்கலாக ஒரு தடம். உப்புத்தாள் பட்டிருந்தது. நாலாவது விதைதான்.

டாக்டர் பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். பிறகு அந்தத் தடத்தில் ஊசி முனையை வைத்து அழுத்தினார். இறங்கவில்லை. ஓடு தேய்ந்திருந்தது, துளைபடவில்லை. இரண்டு தேய்ப்பு, மூன்று தேய்ப்பு இருக்கும். அதற்குள் மணி அடித்துவிட்டது. இருந்தாலும் புதன்கிழமை வரை வார்டில் வைத்திருந்தார்கள். புதன் மதியம் பரீதா தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனாள், பசிக்கிறது என்று கத்திக்கொண்டு.

நான் கீழே போய் இஞ்ஞாசியிடம் உள்ளதைச் சொன்னேன். தேய்க்காத விதை என்று சொல்லியிருந்தால் அவருக்குத் தூக்கம் வந்திருக்கும். சொல்லவில்லை. பொய் சொல்லி ஒருத்தரைத் தூங்க வைக்கிற வேலை எனக்கு வராது.

விடுதி நிர்வாகக் குழு கூடியது. அவருக்கு என்ன சான்றிதழ் என்று கேட்டார்கள். வகுப்பை நிறுத்தினார்கள். அது நியாயம்தான் என்று அவரே சொன்னார். பள்ளிக்கூட வேலைக்கு மட்டும் போய் வந்தார்.

மே மாதம் கிளமெண்டியில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ரூபி கதவைத் திறந்ததுமே தொடங்கினாள்.

"நீங்களாவது கேளுங்க மிஸ்ஸி. மணத்தக்காளி வாங்கிட்டு வந்தா தூக்கிப் போடுறாரு. முருங்கைக் கீரைய ஒவ்வொரு இலையா பாக்குறாரு. இந்த மனுஷன் வாய்ல என்னத்தப் போடுறதுன்னே தெரியல. இனிமே பிஸ்கட்டுதான்."

"பிஸ்கட்ல என்ன போடுறான்னு தெரியுமா?" என்றார் உள்ளேயிருந்து. அது கேலி இல்லை. நிஜமாகவே கேட்டார்.

பிள்ளைகள் அவரைக் கேட்கிறார்கள் என்றேன். வேண்டாம் மிஸ்ஸி என்று கையெடுத்துக் கும்பிட்டார். நான் வற்புறுத்தவில்லை. பயந்திருக்கிற கையில் பிள்ளைகளைக் கொடுக்கக் கூடாது.

ஆகஸ்டில் காதர் மைதீன் விடுதிக்கு வந்தார். மகளைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். நாற்காலியில் உட்காராமல் நின்றார்.

"மிஸ்ஸி, அந்த ஆளு எங்க இருக்காரு?"

"எதுக்கு?"

"வீட்டுக்கு வந்தா இவ சும்மா இருக்க மாட்டேங்குறா. வாசல்ல இருக்கிற செடி, வேலியில இருக்கிற கொடி, எல்லாத்தையும் தடவிட்டு, வாப்பா இது என்ன, வாப்பா இது என்னங்குறா. எனக்கு டீயும் பாலும்தான் தெரியும். தெரியலன்னா கையை எடுக்கவா போறா? நேத்து என்னமோ ஒரு காயப் பிச்சி மோந்து பாத்துட்டு நிக்கிறா. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப் போச்சு." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பேரு தெரியாம தொடுறதுக்கு, தெரிஞ்சவன் பக்கத்துல இருந்து தொடட்டும். அவரை வரச் சொல்லுங்க. ஆனா நான் பக்கத்துலயே நிப்பேன்."

"மன்னிச்சிட்டீங்களா?"

"யாரு சொன்னா? நிப்பேன்னுதான சொன்னேன்."

நிர்வாகக் குழுவிடம் காதர் மைதீனையே பேச வைத்தேன். பெற்றவன் கேட்கும்போது அவர்களால் மறுக்க முடியவில்லை. கிளமெண்டிக்கும் அவரே போனார். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை இஞ்ஞாசி வந்தார், வெறுங்கையோடு. நெய்னா முகம்மது பாய் தொப்பி போட்டுக்கொண்டு கூட வந்தார். கடையைத் தம்பியிடம் விட்டு வந்தாராம்.

அதற்குப் பிறகு அந்த அறைக்குள் எந்த இலையும் விதையும் ஒரே பெயரோடு நுழையவில்லை. தமிழில் என்ன, மலாயில் என்ன, பாய் கடையில் என்ன, பள்ளிப் புத்தகத்தில் என்ன, ஒவ்வொன்றையும் சொல்லியாக வேண்டும். இரண்டு பெயராவது ஒரே பொருளைத்தான் குறிக்கிறது என்று உறுதியானால்தான் பிள்ளைகள் கைக்குப் போகும். இல்லாவிட்டால் மூடி போட்ட ஒரு பெட்டிக்குப் போகும். பெட்டிமேல் 'தெரியாது' என்று எழுதி, பிரெய்ல் புள்ளியும் குத்தி வைத்தார்கள். பிள்ளைகளுக்குப் பாடத்தைவிட அந்தப் பெட்டிமேல்தான் கண். வாரா வாரம் வீட்டில் கேட்டு, பக்கத்து வீட்டில் கேட்டு, அதிலிருந்து ஒன்றை விடுவிக்கப் பார்ப்பார்கள். சீனக் கிழவி ஒருத்தியிடம் கேட்டு மைமூன் ஒரு வேரை விடுவித்த அன்று பெரிய ஆரவாரம்.

காதர் மைதீன் மூன்று வருஷம் சுவரோரமாக நின்றார். ஒவ்வொரு பொருளுக்கும், "வாய்ல வெச்சா?" என்று கேட்பார். இஞ்ஞாசி பதில் சொல்வார். "உறுதியா?" என்பார். சில சமயம் இஞ்ஞாசி தயங்கி, அதையும் பெட்டியில் போடுவார். ஒரு மணி நேரப் பாடத்தில் இப்படிப் பாதி போய்விடும். எதிர் புளோக்குப் பிள்ளைகளில் இரண்டு பேர் சலித்துப்போய் நின்றுவிட்டார்கள். இஞ்ஞாசியின் கேலி திரும்பி வரவே இல்லை. வகுப்பு முன்போல் கலகலப்பாக இல்லை என்று சொன்னவர்கள் உண்டு. அவர்கள் சொன்னது சரிதான். ஆனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

1986இல் நான் ஓய்வு பெறும் வரை வகுப்பு நடந்தது. அந்த ஏழு வருஷமும் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு விடுதியில் தொலைபேசி அடிக்கும். எடுக்கும் முன்பே யார் என்று எனக்குத் தெரியும்.

"மிஸ்ஸி, பிள்ளைங்க எல்லாரும் சாப்பிட்டாங்களா?"

வீட்டுக்குப் போகாத பிள்ளைகள் மூன்று நாலு பேர்தான் இருப்பார்கள். அவர்கள் சாப்பிட்டதைச் சொல்வேன். என்ன சாப்பிட்டார்கள், யாராவது மிச்சம் வைத்தார்களா, யாருக்காவது வயிறு சரியில்லையா என்று கேட்பார். சொல்வேன். வைத்துவிடுவார். ஒரு சனிக்கிழமைகூடத் தவறியதில்லை.

கடைசி வருஷத்தில் பரீதாவுக்குப் பதினாறு வயது. தொலைபேசி இயக்குநர் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தாள். பரீட்சைக்காக ஒரு சனிக்கிழமை விடுதியிலேயே தங்கியிருந்தாள். ஆறு மணிக்கு மணி அடித்ததும் எனக்கு முன்னால் எட்டி எடுத்துவிட்டாள். அந்தப் பக்கம் கேட்டதைக் கேட்டுக்கொண்டாள்.

"சாப்பிட்டோம் சார். நாலு பேரும் சாப்பிட்டோம். சோறு, மீன் குழம்பு, முட்டைகோஸ். மிச்சம் வைக்கல." கொஞ்சம் நிறுத்தினாள். "நீங்க சாப்பிட்டீங்களா?"

இன்னும் இல்லை என்று அந்தப் பக்கம் முணுமுணுத்தது எனக்கும் கேட்டது.

"அப்ப ரூபி ஆண்டிகிட்ட போனைக் குடுங்க சார்" என்றாள்.